போதகர் கேட்கும்போது நான் வாய் திறக்க மாட்டேன்

என் கண்ணுக்கு,

ஆண்டவருடைய சமாதானம், லிப்ட் இல்லாத உன் மூன்றாம் மாடி வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறி வந்து, உன்னையும் மருமகளையும் என் பேத்தியையும் சூழ்ந்திருக்கட்டும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான்தான் பேசுவேன். நீ "ம்" கொட்டுவாய். கடைசியில் "சரிம்மா, வெச்சிடறேன்" என்பாய். இத்தனை வருடம் நாம் அப்படித்தான் பேசியிருக்கிறோம். எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள் நான். எழுதினால் கை வலிக்கிறது, அதனால் கொஞ்சம் யோசித்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நம் சபையின் மாத இதழுக்கும் ஒரு படி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் பெயரை எங்கும் எழுதவில்லை, பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்காரும் அம்மாக்கள் எல்லாருக்கும் உன்னைப் போல ஒரு பிள்ளை சென்னையிலோ ஓசூரிலோ இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும்.

போன ஞாயிறு சாயங்காலம் நீ போன் செய்தாய். பாப்பாவின் ஞானஸ்நானத்தைப் பற்றி நான் எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று உனக்கே தெரியும். நீ சொன்னது இதுதான். "சரிம்மா. வர்ற மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம ஆரணியிலயே வெச்சிரலாம். பாஸ்டர்கிட்ட சொல்லிடு. உனக்காகத்தான். நீ சந்தோஷமா இருந்தா எனக்கு அது போதும்." நான் முதல் பாதியை மட்டும்தான் கேட்டேன். மீதி என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. போனை வைத்த கையோடு போதகரிடம் சொன்னேன், பாடகர் குழுவிடம் சொன்னேன், வந்தவாசியில் இருக்கும் உன் பெரியம்மாவிடம் சொன்னேன், பிரியாணி செய்கிற பாயிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரிடமும் சொன்ன பிறகுதான் உன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைவு வந்தது. அவர் தறியில் இருந்தார். நூல் ஓடுகிற நாடாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னா சொன்னான், அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். நாடா நின்றுவிட்டது.

"உனக்காகன்னு சொன்னானா?"

"ஆமா. அம்மாவுக்காகன்னு ஒரு புள்ள சொன்னா அது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா. பாஸ்டர் கேள்வி கேப்பாரே, அப்போ பதில் யாரு சொல்றது? நீயா?"

"பேஜார் பண்ணாதீங்க. நல்ல காரியம் நடக்கறப்பதான் உங்களுக்கு வாயி வரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் மறுபடி தட்ட ஆரம்பித்தார். உன் அப்பா ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை எல்லாம் சேர்த்தாலும் நான் காய்கறிக்காரியிடம் பேசுகிற அளவுக்கு வராது. அதனாலோ என்னவோ, அவர் சொன்னால் அது போகாமல் காதிலேயே நிற்கிறது.

சரி என்று பீரோவைத் திறந்து கவுனை எடுத்தேன். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நீ போட்டிருந்த வெள்ளைப் பட்டுக் கவுன். ரசகற்பூர உருண்டை வாசனையோடு, கழுத்து ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் பூத்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. கீழ் ஓரத்தில் அந்தச் சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. மஞ்சளை எடுக்க வழி கேட்கலாம் என்று சரோஜாம்மா வீட்டுக்கு எடுத்துப் போனேன். உனக்கு அவர்கள் சரோஜா ஆயா. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உன் அப்பா சொந்தமாகத் தறி போடுவதற்கு முன்பு அவர்கள் வீட்டுத் தறியில்தான் நெய்தார். எங்களுக்கு வேலை கொடுத்த வீடு, எங்கள் தெருவிலேயே இருக்கும் வீடு, மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு.

கவுனைப் பார்த்ததுமே அவர்கள் ஆரம்பித்தார்கள். "இத வெயில்ல போட்டியா? பட்ட எவளாவது வெயில்ல போடுவாளா? இத்தினி வருசம் தறிக்காரன்கூட குடும்பம் நடத்தி இன்னாத்த கத்துகினே?"

"நெழல்லதான் போட்டேன் சரோஜாம்மா. மஞ்சள் போவ மாட்டேங்குது."

"போவாது. உனக்கு மட்டும் வயசாவலாம், துணிக்கு ஆவக்கூடாதா. எப்போ விசேசம்?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். "எனக்காகன்னு சொல்லி ஒத்துகினான் எம்புள்ள."

அவர்கள் கவுனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "உனக்காகவா. எங்க வீட்ல இருக்கறதுங்களும் எனக்காகத்தான் வருதுங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப வந்து நிப்பானுங்க, ஒரு கையில சொம்பு, ஒரு கையில செல்லு. அம்மன் இவன் மூஞ்சிய பாத்துகினு இருக்கும், இவன் செல்ல பாத்துகினு இருப்பான். நான் போயிட்டா அந்த சொம்ப எவன் தூக்கப்போறான்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். தெருவில் இறங்கி நடந்து வரும்போது சிரிப்பு போய்விட்டது. உன் அப்பா கேட்டதும் சரோஜாம்மா சொன்னதும் ஒன்றுதான் என்று வீட்டு வாசலில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. உள்ளே வந்து கவுனை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டின் கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுக்கச் சொல்கிறேன், பாப்பாவுக்கு நீ சொல்ல வேண்டும் இல்லையா.

எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணம் நிச்சயமானபோது, பெண்ணுக்குப் புடவையை நானே நெய்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். நம் வழக்கப்படி வெள்ளைப் புடவை, சரிகை மட்டும் போட்டது. சரோஜாம்மா வீட்டுத் தறியில், அவர்கள் சம்மதத்தோடு, மற்ற வேலை முடிந்த நேரத்தில் நெய்தார். சரோஜாம்மா தினமும் வந்து பார்ப்பார்களாம், பெருமூச்சு விடுவார்களாம், போவார்களாம். அவர்கள் வீட்டில் கல்யாணப் பெண் அரக்கு கட்டுவாள், மாம்பழ மஞ்சள் கட்டுவாள். வெள்ளை கட்டுவது தாலி அறுத்தவள்தான். இந்தப் புடவையில் முந்தானை மட்டும் பாக்கி இருந்த சமயம், மத்தியானம் உன் அப்பா சாப்பிடப் போயிருக்கிறார். சரோஜாம்மா தறியில் உட்கார்ந்து, சிவப்பு நூல் சுற்றிய தாரை நாடாவில் போட்டு, ஒரு விரல்கூட இல்லாத அகலத்துக்கு ஒரு கோடு நெய்துவிட்டார்கள். வெள்ளைப் பாவின் மேல் ஓடியதால் அது முழுச் சிவப்பாகவும் இல்லை, வெற்றிலை போட்ட உதடு மாதிரி இருந்தது. உன் அப்பா திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் தறிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

"பிரிச்சிடாதப்பா. சின்னப் பொண்ணு வெறும் வெள்ளையில மணமேடைக்குப் போவறத நெனச்சா எனக்கு சோறு எறங்கல. ஒரு கோடு இருந்துட்டுப் போவட்டும். உங்க சாமி கோச்சிக்காது."

பிரிக்க வேண்டுமானால் அப்போதே பிரித்திருக்கலாம், நெய்கிறவருக்கு அது ஒரு வேலையே இல்லை. "அவங்க மூஞ்சிய பாத்தேன். உட்டுட்டேன்" என்றுதான் பின்னால் என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

உன் தாத்தாவை, என் அப்பாவை, உனக்கு நன்றாக நினைவிருக்காது. பெரணமல்லூர் பக்கம் நம் சின்ன ஊரில் உபதேசியார். போதகர் வராத ஞாயிறுகளில் அவர்தான் ஆராதனை நடத்துவார். காலையில் கோழி கூவும் முன்பே எங்கள் எல்லாரையும் முழங்காலில் உட்கார வைப்பார். நான் முழங்காலிலேயே தூங்குவேன், "ஆமென்" சத்தம் கேட்டால் எழுந்துகொள்வேன். கல்யாணத்தன்று காலையில் உன் பெரியம்மா எனக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது தாத்தா உள்ளே வந்து முந்தானையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா கோடு இது?"

சொன்னோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அவங்க அன்பு பெருசுதான். ஆனா இது நம்ம வழக்கம் இல்லியே. ஜல்தி அத உள்ள மடிச்சி ஒரு ஊக்கு குத்து." உன் பெரியம்மா ஒன்றுக்கு இரண்டாக ஊக்கு குத்தினாள். கோயிலுக்குள் போனோம், பாட்டு பாடினோம், முழங்காலில் நில்லுங்கள் என்று போதகர் சொன்னார். நான் முழங்காலில் நின்ற வேகத்தில் இரண்டு ஊக்கும் விட்டுப்போய், முந்தானை முதுகு முழுக்க விரிந்து, கோடு சபைக்கே தெரிந்தது. பின்வரிசையில் மல்லிகைப்பூவும் தாம்பாளமுமாக உட்கார்ந்திருந்த சரோஜாம்மா, வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து, "பாருங்க, தெரியுது பாருங்க" என்று சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது. உன் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தார் என்று வைத்துக்கொள்வோம்.

அதோடு விட்டாரா? உபதேசியார் கையில் கிடைத்தது பிரசங்கமாகாமல் போகுமா? அடுத்த ஞாயிறே ஊரில், வெள்ளை வஸ்திரத்தில் ஓடுகிற சிவப்பு, ஆட்டுக்குட்டியானவராகிய ஆண்டவரின் இரத்தம் என்று உருகி உருகிப் பேசினார். அதை நான் சரோஜாம்மாவிடம் வந்து சொன்னபோது, "ரத்தமா? அய்யே. அது குங்குமம்டி" என்றார்கள். உன் அப்பாவிடம் கேட்டேன். "பட்டு நூலு" என்றார். நான் என்ன சொன்னேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் அப்பா இரத்தம் என்றால் இரத்தம். அந்த வயதில் எனக்கு விசுவாசம் என்பது அப்பா சொல்வதுதான்.

பிறகு நீ பிறந்தாய். அந்த முந்தானையை வெட்டித்தான் உனக்கு இந்தக் கவுனைத் தைத்தேன். கோடு கீழ் ஓரத்தில் வரும்படி நானே பார்த்து வெட்டினேன். உன்னைக் கையில் வைத்துக்கொண்டு போதகர் முன்னால் நின்றபோது, உனக்காக நாங்கள் பதில் சொன்னோம். விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டார், விசுவாசிக்கிறோம் என்றோம். இந்தப் பிள்ளையை ஆண்டவருக்குள் வளர்ப்பீர்களா என்று கேட்டார், வளர்ப்போம் என்றோம். அன்று அது சரிதான் கண்ணு. பேச்சு வராத பிள்ளைக்குத் தாய் தகப்பன்தான் வாய். என்ன ஆயிற்று என்றால், உனக்குப் பேச்சு வந்த பிறகும் நான் அந்த வேலையை விடவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஆயுத பூஜை அன்று? நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். ஆயா வீட்டில் தறிக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரியும் கடலையும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் கையை நீட்டிக்கொண்டு நின்றன. நானும் அங்கேதான் உன்னைக் கூப்பிட வந்து நின்றிருந்தேன். உன்னிடம் பொரியை நீட்டியபோது நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"எங்கம்மா துன்னக் கூடாதுன்னு சொல்லிகிறாங்க."

எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பூரிப்பு. ஆயா கோபப்படவில்லை. பொரிக் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து உன்னைப் பார்த்தார்கள். "உங்கம்மா சொன்னாங்க, சரி. நீ இன்னாடா சொல்ற?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். நீயும் ஆட்டினாய். ஆயா சிரித்துக்கொண்டே வெறும் வாழைப்பழத்தை, பூஜையில் வைக்காத தாரிலிருந்து பிய்த்து, உன் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கேள்வியை நான் அன்று விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். எத்தனையோ வருடம் கழித்து, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அது திரும்ப வந்தது. ஆண்டவர் சீஷர்களிடம் முதலில் ஜனங்கள் என்னை யார் என்று சொல்கிறார்கள் என்று கேட்டார், பிறகு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள், "இன்னாத்த ஆன்ட்டி மறந்துட்டீங்க?" என்று கேட்டன. மறக்கவில்லை. பொரிக் கிண்ணம் நினைவுக்கு வந்துவிட்டது.

உன் திடப்படுத்தலை, உனக்காக நாங்கள் சொன்ன பதிலை நீயே உன் வாயால் சொல்ல வேண்டிய அந்த நாளை மட்டும் நீ மறந்திருக்க மாட்டாய். அதைச் சொன்னால் இன்னும் உன் காது சிவக்கும். பேராயர் ஐயா வந்திருந்தார், நீங்கள் எல்லாம் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றீர்கள். உன் முறை வந்தது. உன் பெயரைச் சொல்லி, "தம்பி, ஆண்டவரை உன் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். நீ ஒரு நொடி நிறுத்தினாய். அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து, "ஏத்துக்கறான் ஐயா, ஏத்துக்கறான்" என்று என் சத்தம்தான் வந்தது. கோயிலே சிரித்தது, பேராயரும் சிரித்தார். "அம்மா, உங்களுக்கு ஏற்கெனவே ஆயிடுச்சே" என்றார். நீயும் பிறகு பதில் சொன்னாய். என்ன சொன்னாய் என்று யாருக்கும் கேட்கவில்லை, சிரிப்புச் சத்தத்தில். எனக்கும் கேட்கவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்கு வலிப்பது அந்தச் சிரிப்பு இல்லை கண்ணு. அந்த ஒரு நொடியில் நீ என்ன யோசித்தாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இதுவரை கேட்டதும் இல்லை.

எனக்கு விசுவாசம் எப்போது என்னுடையதாக ஆயிற்று என்று நீயும் என்னைக் கேட்டதில்லை. சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதே. தாத்தா தவறிப்போன பிறகு ஜெபம் செய்ய உட்கார்ந்தால், அவர் வார்த்தைதான் என் வாயில் வரும். அவர் இழுக்கிற இடத்தில் நான் இழுப்பேன், அவர் இருமுகிற இடத்தில்கூட நின்றுதான் போவேன். கொஞ்ச நாளில் அந்த வார்த்தைகள் தீர்ந்துவிட்டன. முழங்காலில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சபையில் யாரிடமும் சொல்லவில்லை, உபதேசியார் மகள் இல்லையா. அப்படி ஒரு மத்தியானம் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது நூல் சிக்கிக்கொண்டது. சாதாரணச் சிக்கல் இல்லை, காக்கை கூடு மாதிரி. உன் அப்பா வந்தால் திட்ட மாட்டார், பேசாமல் அவரே உட்கார்ந்து எடுப்பார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். வீட்டில் யாரும் இல்லை. நான் சத்தமாக, "ஆண்டவரே, என்னால ஆவாது. எனக்குப் பொறுமையே குடுக்கல நீங்க, வாய மட்டும் குடுத்துட்டீங்க. வந்து கூட உக்காருங்க" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டேன். அது தாத்தா பேசுகிற மாதிரி இல்லை. நான் பேசுகிற மாதிரி இருந்தது. சிக்கல் ஒன்றும் தானாக விடவில்லை, பொழுது சாயும் வரைக்கும் எடுத்தேன். ஆனால் எடுக்கும்போது தனியாக இருந்த மாதிரி இல்லை. அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அவரிடம் என் பேச்சில்தான் பேசுகிறேன், பேசிக்கொண்டேதான் இருக்கிறேன், அவர்தான் சலிக்காமல் கேட்கிறார்.

பாப்பாவைப் பார்க்க சென்னைக்கு வந்திருந்தேனே, அப்போது ஞாயிற்றுக்கிழமை மருமகளும் பாப்பாவும் நானும் கோயிலுக்குள் போனோம். நீ காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றாய். ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் நீ காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாய். "கொஞ்சம் அசதிம்மா" என்றாய். மருமகள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அது அந்த ஒரு ஞாயிறு மட்டும் இல்லை. நான் திட்டவில்லை. எனக்கே ஆச்சரியம். ஊருக்கு வந்து அப்பாவிடம் அழுதேன். இவ்வளவு வசனம் மனப்பாடம் செய்ய வைத்தேனே, போட்டியில் எல்லாம் ஜெயித்துப் பாத்திரம் பாத்திரமாக வாங்கிவந்தானே, எல்லாம் எங்கே போயிற்று என்று அழுதேன்.

ஆனால் அதே பயணத்தில் இன்னொன்றையும் பார்த்தேன், அதற்கு அப்போது பெயர் வைக்கத் தெரியவில்லை. நீ காரை எடுப்பதற்கு முன்னால், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு அளவுக்கு நிற்கிறாய். பிறகுதான் சாவியைத் திருப்புகிறாய். எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போதும் செய்தாய், காய்கறி வாங்கப் போகும்போதும் செய்தாய். நான் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. சரோஜாம்மா வீட்டிலிருந்து வந்து கவுனோடு உட்கார்ந்திருந்தபோது, அப்பா சாப்பிட்டுவிட்டு மறுபடி தறிக்கு வந்தார். உட்காருவதற்கு முன்னால் தறிக் கட்டையில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணிலேயே படாமல் போய்விட்டது. நீ அந்தத் தறிக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்து வளர்ந்தவன். என் வாய் கொடுத்ததை எல்லாம் நீ கோயில் வாசலில் விட்டுவிட்டாய், அவர் கை கொடுத்ததை இன்னும் வைத்திருக்கிறாய். அவரிடம், "நிக்கறப்ப இன்னா ஜெபம் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "ஒண்ணும் சொல்றதில்ல. வந்துட்டேன்னு சொல்லுவேன்" என்றார்.

அதனால் கண்ணு, நேற்றுப் போதகர் வீட்டுக்குப் போய், அந்தத் தேதியை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா, நீங்களா சொல்றீங்க?" என்றார். நான்தான் சொன்னேன். பிரியாணி பாயிடமும் சொல்லிவிட்டேன். வந்தவாசியிலிருந்து உன் பெரியம்மா போனிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அவனே எறங்கி வந்துகினு இருக்கான், நீ போயி கதவ சாத்திகினு வர்ற. இப்போ உட்டா அவன் எப்போ வருவான்?"

அவள் கேட்டது எனக்கும் பயம்தான். மறைக்கவில்லை. நீ வராமலே போய்விட்டால்? பாப்பா வளர்ந்து, ஆண்டவர் பெயரே தெரியாமல், ஆயா வீட்டுப் பிள்ளைகளின் சொம்பு மாதிரி எல்லாம் என்னோடு முடிந்துவிட்டால்? ஆனால் எனக்காக என்று நீ அவளைக் கொண்டுவந்து நின்றால், நான் இருக்கும் வரைக்கும்தான் அது நிற்கும். நான் உன்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறேன். பாப்பாவை ஆண்டவரிடம் கொண்டுவா என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, என்னிடம் கொண்டுவா என்று கேட்டிருக்கிறேன்.

மருமகளோடு உட்கார்ந்து பேசு. அவள் வாயில்லாப் பிள்ளை இல்லை, நான் பேசுகிற வீட்டில் யாருக்கும் இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். தனியாகப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போவது எப்படி இருக்கிறது என்று அவளைக் கேள். பெரிய விசுவாசம் வந்த பிறகுதான் வர வேண்டும் என்று நினைக்காதே. சீக்குப்பிடித்த மகனை ஆண்டவரிடம் கொண்டுவந்த ஒரு தகப்பன், நம்புகிறேன், நம்ப முடியாத பாதிக்கும் நீரே உதவும் என்று அழுதான் இல்லையா, அந்தப் பாதியை வைத்துக்கொண்டே ஆண்டவர் அவன் பிள்ளையைத் தொட்டார். உன்னிடம் பாதி இருந்தால் பாதியோடு வா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு மூச்சு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதோடு வா. ஆனால் அது உன்னுடையதாக இருக்கட்டும். பாப்பாவுக்கு வசனம் சொல்லித் தருகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், அது எனக்கு வரும். நீ கண்ணை மூடி நிற்பதை அவள் பார்க்கட்டும், அதை என்னால் தர முடியாது. அவள் வளர்ந்து எதற்கு நிற்கிறாய் என்று கேட்டால், உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல். தெரியாததை அம்மாவிடம் கேட்டுச் சொல்லாதே.

வருகிற வாரம் அப்பா நூல் விஷயமாக அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் கவுனையும் கொடுத்தனுப்புகிறேன். மஞ்சள் போகவில்லை. சரோஜாம்மா தையல் விட்டுப்போன கீழ் மடிப்பை மட்டும் தைத்துக் கொடுத்தார்கள், கோட்டின் மேல் ஊசி படாமல் தைத்திருக்கிறார்கள், பார். கவுன் உன்னிடமே இருக்கட்டும். நாள் தள்ளிப்போய், பாப்பா வளர்ந்து, அது அவளுக்குப் பொருந்தாமல் போனால் போகட்டும், மடியில் விரித்து வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோடு என்ன என்று அவள் கேட்டால் தாத்தா சொன்னதையும் சொல், ஆயா சொன்னதையும் சொல், அப்பா சொன்னதையும் சொல். பிறகு அவளுக்கு என்னவாகத் தெரிகிறது என்று கேள்.

நீ வருகிற நாள் எந்த ஞாயிறாக இருந்தாலும் நான் முன்வரிசையில் உட்கார மாட்டேன். பின்னால், சரோஜாம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வேன். அதற்கும் நான் அடங்கவில்லை என்றால் முழங்கையால் இடிக்கச் சொல்லி அவர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். போதகர் உன்னைப் பார்த்துக் கேட்பார். நீ ஒரு நொடி நிறுத்துவாய். நிறுத்து கண்ணு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்து. கோயில் அமைதியாக இருக்கும். பிறகு நீ சொல்லு. இந்தத் தடவை எனக்குக் கேட்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்